முரட்டுப் பிள்ளையும் பெற்றோர் பயிற்சியும்: எங்கே தவறுகிறோம்?

பாளையங்கோட்டைத் தெருக்களில் சாயங்காலம் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டில் இது கேட்கும். "ஏல, போனை வச்சிட்டுப் படி." "மாட்டேன்." "வைக்கியா, அடி வேணுமா?" அப்புறம் பை பறக்கும், தங்கச்சி முதுகில் ஒன்று விழும். கடைசியில் அம்மா சோர்ந்துபோய், "என்னமும் செய்" என்று அடுப்படிக்குப் போய்விடுவார். வீடு அமைதியாகிவிடும்.

முதல் தவறு அந்த அமைதிதான். முரண்டு பிடித்தால் காரியம் நடக்கும் என்று பையன் படிக்கிறான். விட்டுக்கொடுத்தால் சத்தம் ஓயும் என்று அம்மாவும் படிக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன் 1982-இல் விரிவாக எழுதியது இந்தச் சுழலைத்தான். பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்று பெற்றோருக்குச் சொல்லித்தரும் பெற்றோர் பயிற்சி அறுக்கப் பார்ப்பதும் இதையே. பையனை மட்டும் டாக்டரிடம் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தால் பாதி வேலைகூட நடக்காது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்வது, குழுப் பயிற்சியாக 10 முதல் 16 அமர்வுகள்.

ஆனால் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். "முன்னைக்கு இப்ப மோசமாயிட்டு" என்பார்கள். ஆகத்தான் செய்யும். இதுவரை பலித்த அழுகை இன்று பலிக்கவில்லையென்றால், பிள்ளை அதையே இன்னும் பலமாகப் போட்டுப் பார்க்கும். மூன்றாம் நாள் அம்மா இளகினாலோ, ஆச்சி ரகசியமாகப் போனை நீட்டினாலோ, அடுத்த சண்டை அந்த உச்சத்திலிருந்தே தொடங்கும். அதனால் ஆச்சியையும் உட்காரவைத்து முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்று: கண்டுகொள்ளாமல் விடுவது சிணுங்கலுக்கும் முனகலுக்கும்தான். கைநீட்டினால் உடனே, சின்னதாக, சொன்னபடியே ஒரு விளைவு வேண்டும். ஐந்து நிமிடம் விளையாட்டிலிருந்து தனியே உட்காருவது போதும். "ஒரு மாசத்துக்குப் போன் கிடையாது" என்பதை நம்மாலேயே காப்பாற்ற முடியாது. அடிக்காதே என்று சொல்லி அடிப்பதைப் பற்றி நான் என்ன சொல்ல!

கண்ணுபட்டிரும் என்று பாராட்டாமல் இருப்பதும் நம்மூர் வழக்கம். "நல்ல பையன்" என்ற பொத்தாம்பொதுவும் உதவாது. "தங்கச்சி பென்சிலை எடுத்தும் நீ கை ஓங்கல பாரு" என்று அந்த நிமிடமே சொல்லுங்கள்.

பள்ளியில் யாரும் அவனைச் சீண்டுகிறார்களா, எழுத்துக்கூட்டவே திணறுகிறானா என்பதையும் விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம்.