படகு எஞ்சினின் மூடிய குளிரூட்டும் சுற்றிலிருந்து காற்றை வெளியேற்றுவது எப்படி?

படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சின், கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) மாற்றிய கையோடு சூடேறத் தொடங்கினால் பம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள். காற்று சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூடிய சுற்றில் கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வருகிறது. வாவித் தண்ணீர் வெப்பப் பரிமாற்றி வழியாக ஓடி, கூலண்டின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. காற்று சிக்குவது கூலண்ட் பக்கத்தில், அதிலும் உயரமான இடத்தில். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டுக்கு வழி திறக்கும் வால்வு) கூட்டுக்குள். சூடான கூலண்ட் தொடாததால் தெர்மோஸ்டாட் திறக்கத் தாமதிக்கும். அதைவிட ஆபத்து, வெப்பமானியின் உணரி காற்றுக்குள் நின்றால் முள் குறைவாகவே காட்டும். எஞ்சினின் தலைப்பகுதியோ வெந்துகொண்டிருக்கும். முள்ளை மட்டும் நம்பாதீர்கள்.

மலையகத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வெறும் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கூலண்ட் ஊற்றும் வாயிலுள்ள அழுத்த மூடி கொதிநிலையை உயர்த்தித் தருகிறது. காற்றெடுக்கும்போது அந்த மூடி திறந்திருக்கும் என்பதால், எஞ்சினைக் குறைந்த வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பின்பே மூடியைத் திறவுங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பழைய கூலண்டை வாளியில் வடித்து அளந்து, அளவை எழுதி வையுங்கள். தரையில் ஊற்றாதீர்கள்: அது நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கலப்பது களனி கங்கைக்கே போய்ச் சேரும். கொழும்பு மக்கள் பெரும்பாலும் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

அடுத்து, படகு நிற்கும் விதம். வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கிப் படகு சரிவில் சாய்ந்து கிடந்தால், ஊற்றும் வாய் தாழ்ந்து எஞ்சினின் மறுமுனை உயர்ந்துவிடும். எவ்வளவு ஊற்றினாலும் அங்குள்ள காற்று வெளியே வராது. ஊற்றும் வாய் உயரத்தில் இருக்கும்படி படகை நிமிர்த்துங்கள், அல்லது நீரில் மிதக்க விடுங்கள்.

எஞ்சினின் உயரமான இடங்களில் காற்றுத் திருகாணி இருந்தால் தளர்த்துங்கள். இல்லையென்றால் மிக உயரத்திலுள்ள ரப்பர் குழாயின் கிளிப்பைச் சற்று இளக்கலாம். தயாரிப்பாளர் சொல்லும் வகைக் கூலண்டைக் காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கலந்து, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இந்த வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். வேகமாக ஊற்றினால் புதிய காற்றையும் சேர்த்தே அடைத்துவிடுவீர்கள். இடையிடையே குழாய்களைக் கையால் அமுக்கி விடுங்கள். திருகாணி வழியே குமிழி இல்லாமல் கூலண்ட் வந்ததும் இறுக்குங்கள்.

வாவித் தண்ணீர் வரும் வால்வு திறந்திருப்பதை உறுதிசெய்து எஞ்சினை இயக்குங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சுழலி (இம்பெல்லர்) விரைவில் கருகிவிடும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது குமிழிகள் வந்து மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போட்டுச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள். முழுதும் ஆறிய பின் மட்டத்தைப் பார்த்து மீண்டும் நிரப்புங்கள்.

எழுதி வைத்த அளவு இப்போது உதவும். எட்டு லீற்றர் வடித்த இடத்தில் ஆறுதான் உள்ளே போயிருந்தால், காற்று இன்னும் அங்கேயே இருக்கிறது. மறுபடி செய்யுங்கள்.

அளவு சரியாக இருந்தும் குமிழி ஓயாமல் வந்தால், அது சிக்கிய காற்றல்ல. தலைப்பகுதிக் கேஸ்கட் (தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) வழியாக எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.