பேயைக் காட்டலாம், பேய்க்காட்டக் கூடாது

கிளிநொச்சிப் பக்கம் பொடியள் நாலு பேர் சேர்ந்து, ஒரு கைபேசியும் ஒரு மைக்கும் வைத்து யூடியூப்புக்குத் தொடர் எடுப்பது இப்போது புதினமில்லை. என்னிடம் கதை காட்ட வருகிறவர்களில் பாதிப்பேர் கொண்டுவருவது பேயும் துப்பறிவும் முசுப்பாத்தியும் கலந்த ஒன்றுதான். முதல் அங்கம் எல்லாருக்கும் வரும். கடைசி அங்கத்தில் சறுக்குவார்கள். நானும் அப்படிச் சறுக்கியவன்தான்.

முதல் தவறு, பேய்க்கு வைத்த சட்டத்தைக் கடைசி நாளில் தளர்த்துவது. 'புஷிங் டெய்சீஸ்' என்ற அமெரிக்கத் தொடர் 2007 முதல் 2009 வரை 22 அங்கங்கள் ஓடியது. நாயகன் 'பை' (pie) என்ற பழம் வைத்த பணியாரம் சுட்டு விற்கிறவன். அவன் தொட்டால் செத்தவர் எழும்புவார். மறுபடி தொட்டால் ஒரேயடியாகப் போய்விடுவார். ஒரு நிமிடத்துக்கு மேல் எழும்பியபடி விட்டால் பக்கத்தில் வேறொரு உயிர் போகும். கொலையுண்டவரையே எழுப்பி "ஆர் செய்தது?" என்று கேட்பது துப்பறிவு. காதலியை எழுப்பிவிட்டு, அவளைத் தொட முடியாமல் ஒரே வீட்டில் நடமாடுவது கதையின் உயிர். கடைசியில் ஒரு மருந்தைக் கண்டுபிடித்து இரண்டு பேரையும் கைகோர்க்க விட்டிருந்தால் அவ்வளவு ஏக்கமும் வீணாகியிருக்கும். நல்லகாலம், அதைச் செய்யவில்லை. ஆனால் தொடர் நிறுத்தப்பட்டதால் கடைசிச் சில நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் முடித்துவைக்க ஓடியது. அந்த அவசரம் தெரிகிறது.

எங்கள் சனத்துக்கு அதிசயம் ஒரு பிரச்சினையே இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. முறை பிசகினால் மட்டும் ஊரே கதைக்கும். உங்கள் கதையில் வரும் முனிப்பேய்க்கும் அதே கதைதான். அது பாலை மரத்தை விட்டு இறங்காது என்று முதல் அங்கத்தில் சொல்லிவிட்டு, கடைசியில் மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, வழக்கை மறந்துவிட்டு ஊரைக் காப்பாற்றக் கிளம்புவது. 'ஐசோம்பி' 2015 முதல் 2019 வரை ஐந்து சீசன், 71 அங்கங்கள். சோம்பியாக, அதாவது நடமாடும் பிணமாக மாறி, பிணவறையில் வேலை செய்யும் லிவ் கொலையுண்டவரின் மூளையைச் சாப்பிடுவாள். அவர்களுடைய நினைவும் குணமும் அவளுக்கு வரும், அதை வைத்துப் பொலிஸுக்கு உதவுவாள். ஒரு கிழமை பாட்டுக்காரி, அடுத்த கிழமை கஞ்சப் பிசினாரி. சிரிப்பு அங்கேதான் இருந்தது. போகப்போக சியாட்டில் நகரத்தைச் சுற்றி மதில் வந்தது, படை வந்தது, அரசியல் வந்தது. முடிவுக்கு வரும்போது மூளைச் சமையல் பின்னுக்குப் போய்விட்டது. அரிசி போட்ட பானையில் அரிசிதான் வேக வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது அந்தத் தொடரின் முடிவு. பார்க்காதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போகலாம்.

கடைசி அங்கம் திடீரென்று பத்து வருடம் தாண்டுகிறது. மிஞ்சியவர்கள் இருந்து பழங்கதை பேசுகிறார்கள். இறந்துபோனதாக எல்லாரும் நம்பிய லிவ்வும் அவள் காதலன் மேஜரும் உயிரோடு, சந்தோசமாக இருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. எழுதியவர்களுக்கு அது ஒரு பரிசு. நான் அதைக் கிளிநொச்சியில் இருந்து பார்த்தேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கிய ஊர் இது. பத்து வருடம் கழித்து "நாங்கள் இருக்கிறோம்" என்று ஒரு முகம் திரையில் வந்தால், இங்கே அதைப் பார்க்கிற பலருக்குத் தொண்டை அடைக்கும். இத்தனை வருடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காத்திருந்தவர்கள் என்ன பட்டிருப்பார்கள் என்று மனம் கேட்கும். அந்தத் தொடர் அதில் நிற்கவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டது. நகைச்சுவைதானே என்று விடலாம், என்னால் முடியவில்லை. வன்னியில் எடுக்கிற பேய்க்கதை என்றால் செத்தவர் எழும்புவதும், வெள்ளை வெளிச்சத்துக்குள் கரைந்து "சாந்தியடைவதும்" லேசான விசயங்கள் இல்லை. எழுதலாம். எழுதினால் அவர்களைத் தேடியவர்களுக்கும் ஒரு காட்சி கொடுங்கள்.

அப்புறம் திருப்பம் என்ற வியாதி. "கடைசியில் நாயகனே பேய் அண்ணை!" என்று இதுவரை மூன்று பேராவது சொல்லிவிட்டார்கள். காத்தவராயன் கூத்தில் அவன் கழுவேறப் போகிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் பாயை விரித்து, கச்சான் கொறித்து, விடியும்வரை கூத்துப் பார்த்த சனம் இது. கழுமரத்துக்குக் கீழே நிற்கும்போது அவன் எப்படிப் பாடுகிறான் என்பதற்காகத்தான் இருந்தார்கள். முடிவு தெரிந்திருப்பது குற்றமில்லை. அந்த இடத்துக்கு வரும்போது பாட்டு நன்றாக இருக்க வேண்டும்.

கடைசி அங்கம் என்றதும் சோக வயலினைப் போடுவதையும் விடுங்கள். இவ்வளவு நாளும் பகிடி விட்டவன் கடைசி நாளிலும் ஒரு பகிடி விடட்டும்.

எங்கள் தொடரில் ஒரு குளக்கட்டுப் பேய் இருந்தது. எட்டு அங்கம். முடிவில் கொலைகாரன் பிடிபட்டான், பேய் போய்விட்டது, எல்லாம் சரி என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு ஆச்சி முழுவதையும் ஒரே இருப்பில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, முதல் நாள் களவு போன அந்தச் சைக்கிளை ஆர் எடுத்தது?"

நாலு பேரும் ஆளையாள் பார்த்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. சைக்கிளுக்காக ஒன்பதாவது அங்கம் ஒன்று எடுத்தோம், ஆறு நிமிடம். அதைத்தான் இப்போதும் ஆக்கள் கேட்டுப் பார்க்கிறார்கள்.