மழைக்காலத்தில் அலுவலகத்துக்குப் போட வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

நல்ல தடித்த தோலில் தண்ணீர் ஊறி உள்ளே வர நேரமாகும். அதற்கு முன்பே அது தையல் ஓட்டை, நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் தோல் பட்டை) ஓரம், பக்கவாட்டு எலாஸ்டிக், சோல் ஒட்டிய விளிம்பு என்று ஏதாவது ஓரிடத்தில் நுழைந்துவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறவர் பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாமல் இந்த நான்கு இடங்களையும் பார்த்து வாங்க வேண்டும்.

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். 'வாட்டர்ப்ரூஃப்' என்றால் எப்படி என்று கேளுங்கள். மெழுகோ ரசாயனமோ பூசிய தோல் என்று பதில் வந்தால், அதுவும் ரெசிஸ்டன்ட் வகைதான். பூச்சு தேயத் தேய மறுபடி பூச வேண்டும். ஒரே வார்ப்பாக வரும் ரப்பர் பூட்ஸில் சொட்டு நீர் இறங்காது, ஆனால் வேர்வைக்குப் போக வழியில்லை. மூன்றாவது வகை, தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே, நீரை உள்ளே விடாமல் வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் கோர்-டெக்ஸ் போன்ற சவ்வை சாக்ஸ் வடிவில் வைத்து, அதன் தையல்களை டேப் ஒட்டி அடைத்தது. அலுவலகத்துக்கு இதுவே சரி.

ஆனால் சவ்வு வேர்வையை வெளியே விட, ஷூவுக்குள் இருக்கும் சூடும் ஈரமும் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். குளிர்நாட்டில் அது தானாக நடக்கும். நம் ஊர் மழைநாளில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் சவ்வு பாதி வேலைதான் செய்யும். ஏசி அறைக்குள் போன பிறகே கால் உலரத் தொடங்கும். எனவே உள்ளே கம்பளியோ பஞ்சோ வைத்த ஜோடி வேண்டாம். ஆம்பூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சங்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். குளிருக்காகச் செய்தவையும் அவற்றில் கலந்திருக்கும்.

லேஸ் இல்லாத செல்சி பூட்ஸ் பேன்ட்டுக்குக் கீழே அழகாக அடங்கும். அதன் பலவீனம் எலாஸ்டிக். அதை இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் தண்ணீரும் வரும். எலாஸ்டிக்குக்குப் பின்னால் லைனிங்கும் சவ்வும் தொடர்ச்சியாகப் போகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். லேஸ் பூட்ஸ் என்றால், நாக்கின் இரு பக்கமும் எந்த உயரம் வரை சேர்த்துத் தைத்திருக்கிறது என்பதே கணக்கு. பூட்ஸ் 15 செ.மீ. உயரம், நாக்கு தைத்திருப்பது 8 செ.மீ. வரை என்றால், காப்பது 8 செ.மீ. மட்டுமே.

அடுத்து சோல். உள் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சுற்றிலும் தையல் ஓடி, அதே தையல் அடியிலும் தெரிந்தால் அது பிளேக் தையல். நூல் வழியே ஈரம் ஏறும், தவிர்த்துவிடுங்கள். உள்ளே தெரியாமல் வெளி விளிம்பில் தையல் ஓடும் 'குட்இயர் வெல்ட்' முறை இதைவிட நல்லது. பசையால் ஒட்டியதும் பரவாயில்லை, ஆனால் முன்பக்கத்தை மடக்கும்போது விளிம்பில் இடைவெளி விடக்கூடாது.

பாலியூரித்தேன் சோல் லேசாக, சுகமாக இருக்கும். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது தானே சிதையும். சில வருடம் பெட்டியில் போடாமல் வைத்திருந்த ஜோடிகூட ஒருநாள் நடக்கும்போதே பொடிப்பொடியாக உதிரும். தள்ளுபடி விலைக்கு மயங்கும் முன் பெட்டியில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். ரப்பர் சோல் இந்த வகையில் நெடுநாள் உழைக்கும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் சற்றே அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் ஈரமான கிரானைட் தரையில் வழுக்கும். மலையேற்ற பூட்ஸ் போன்ற பெரிய பற்களும் வழவழப்பான தரையில் குறைவாகவே பதியும், சேற்றையும் அள்ளி வரும். சிறிய, நெருக்கமான பள்ளங்கள் போதும்.

தொழிற்சாலைகளில் போடும் பாதுகாப்பு பூட்ஸில் 'எஸ்3' என்ற தரக்குறியைக் கண்டால் முழு வாட்டர்ப்ரூஃப் என்று நினைத்துவிடாதீர்கள். அது மேல்பகுதி நீரைத் தடுப்பதைத்தான் சொல்கிறது. முழு ஷூவுக்கான குறி 'டபிள்யூ.ஆர்.'

தோற்றத்துக்கு: கறுப்பு அல்லது அடர்பழுப்பு, வழவழப்பான தோல், தோல் நிறத்திலேயே நூல், மெல்லிய சோல். வெல்வெட் போல இருக்கும் ஸ்வேட் தோல் சேற்றுக்கு ஆகாது. ரெக்சின் மடிப்பில் உரியும்.

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, அலுவலகத்துக்குப் போடும் அதே சாக்ஸுடன் போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன் 1 செ.மீ. இடம் வேண்டும். சவ்வும் லைனிங்கும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் அரை அளவு பெரியதாக எடுங்கள்; அது கிடைக்காவிட்டால் அடுத்த அளவை எடுத்து உள்ளே ஓர் அட்டை போடலாம்.

பைக்கில் போகிறவர்கள் மழைப் பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகக்கூடாது. வழியும் நீர் முழுக்க உள்ளே இறங்கும். பேன்ட் பூட்ஸின் மேல் விழ வேண்டும். கியர் உரசி இடது பூட்ஸின் முனை முதலில் தேயும், அங்கே மெழுகை அடிக்கடி தடவுங்கள்.

முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவுக்கு எந்த பூட்ஸும் உதவாது. மேல்வழியாகப் புகுந்த நீரைச் சவ்வு வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு ரப்பர் செருப்போடு போய், சோப்பு போட்டுக் கால் கழுவி, அலுவலகத்தில் வைத்திருக்கும் ஜோடிக்கு மாறுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு, அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

நனைந்த பூட்ஸை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். உள் அட்டையை உருவி, நாளிதழைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். சவ்வு உள்ள பூட்ஸுக்குக் கனத்த எண்ணெய் தடவினால் தோல் வழியே ஆவி போவது அடைபடும். முழுக்கக் காயாததை பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.