மேசைப் பலகை வெடிக்காமல் சட்டத்தில் பொருத்தும் முறை

சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையிலோ அது 55 அல்லது 60க்கு இறங்கிவிடும். ஒரே வீட்டில் ஒரு கதவுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் இங்கே மேசை செய்பவர் முதலில் கணக்கிட வேண்டும். மரம் நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம். அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். 400 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகையை வெளிக்காற்றிலிருந்து குளிரறைக்கு மாற்றினால், ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்தோடு படுத்தவாறு அறுக்கப்பட்டிருக்கும்போது சுமார் 4 மி.மீ. வரை சுருங்கும்; வளையங்கள் நிமிர்ந்து நிற்குமாறு அறுத்த பலகையில் அதில் ஏறத்தாழப் பாதிதான்.

நான் முதன்முதலில் செய்த தாழ்மேசையின் பலகையைப் பசை தடவி, எட்டுத் திருகாணிகளால் சட்டத்தோடு இறுக்கிவிட்டு, இனி யானை ஏறினாலும் அசையாது என்று வீட்டில் பெருமை பேசினேன். படுக்கையறையில் வைத்த இரண்டாம் மாதம், நள்ளிரவில் தேங்காய் உடைத்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், பலகையின் நடுவே விரல் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு.

ஆகவே வாங்கிய பலகைகளை, மேசை நிற்கப்போகும் அறையிலேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரமாவது விட்டுவையுங்கள். வெளிறு (மரத்தின் வெளிப்புற மென்பகுதி) நீக்கிய வைரப் பகுதியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பலகையைச் சட்டத்தோடு பிணைக்கப் பசை வேண்டாம். படி போல் வெட்டிய சிறு பிடிகட்டைகள் போதும். சட்டத்தின் உட்பக்கத்தில், மேல்விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே, 10 மி.மீ. ஆழமான பள்ளம் ஒன்றை நெடுக இழைத்துக்கொள்ளுங்கள். பிடிகட்டையின் நாக்கு அந்தப் பள்ளத்தில் நுழையும். அதன் உடல், பலகையின் அடிப்புறத்தில் திருகாணியால் பற்றிக்கொள்ளும். நாக்கின் மேல்முகத்துக்கும் கட்டையின் மேல்முகத்துக்கும் இடையே உள்ள படியை 10க்குப் பதில் 9.5 மி.மீ. ஆக வெட்டினால், திருகாணி இறங்கும்போது அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி மூடிப் பலகை சட்டத்தில் இறுக உட்காரும். மர நார் நாக்கு நீட்டி நிற்கும் திசையிலேயே ஓடுமாறு கட்டையை அறுப்பது மிக முக்கியம். குறுக்கே ஓடினால் நாக்கு பிஸ்கட்டைப் போல் முறியும்.

நெடுஞ்சட்டங்களில் கவனம் தேவை. ஈரம் மிகுந்த இடத்தில் வேலை செய்தால் பலகை அப்போது விரிந்த நிலையில் இருக்கும், பின்னர் உள்நோக்கிச் சுருங்கும். எனவே நாக்கை ஏறத்தாழ முழுவதும் உள்ளே தள்ளி, அதன் நுனிக்கும் பள்ளத்தின் அடிக்கும் இடையே 1 மி.மீ. மட்டும் விடுங்கள். குளிரறையில் பொருத்தினால், பின்னர் விரிவதற்கு 3 மி.மீ. விடுங்கள். குறுஞ்சட்டங்களில் கட்டை பள்ளத்தின் வழியே தானாக நகர்ந்துகொள்ளும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கொட்டாப்புளியின் (மரச் சுத்தியலின்) அடி தளத்தின் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும் என்பதால், பணிமேசைக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். தேக்கிலுள்ள மணற்சத்து உளியின் கூர்மையை விரைவில் மழுக்கும். தீட்டுக்கல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

பூச்சை மேற்புறத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு அடிப்புறத்தை மறந்துவிடுபவர்கள் பலர். அப்போது இரு முகங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரத்தை உறிஞ்சி, பலகை குழிந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். ஒரு வாளித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.