பேக்கப்பில் தமிழ் இல்லை: சின்ன வெப் கம்பெனியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். பழைய ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து எடுத்து, டேட்டாபேஸ் பெயரை மட்டும் மாற்றியிருந்தான். அதில் ஒரு வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பல வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படியே காப்பி அடித்த வரி அது.

பாஸ்வேர்டை கிட்டில் (கோடு சேமித்து வைக்கும் இடம்) ஏற்றாதே, லைவ் சைட்டில் கை வைக்காதே என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. நான் சொல்லப்போவது, சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வைக்க முடியாத, ஐந்தாறு பேர் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற இடங்களில் நடப்பவை.

திருப்பி ஏற்றிப் பார்க்காத பேக்கப்

அப்போது கோயம்புத்தூரில் நாங்கள் ஆறு பேர். ஒரு தமிழ்ப் புத்தகக் கடைக்கு ஆன்லைன் கடை கட்டிக் கொடுத்திருந்தோம். சுமார் 1,400 புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் தானே படித்து, தானே அறிமுகக் குறிப்பு எழுதுவார். தினமும் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓடும், வெற்றி என்று மெயில் வரும். எட்டு மாசம் வந்தது.

ஒரு நாள் ஒரே ஒரு புத்தகத்தின் குறிப்பைத் திருத்தச் சொன்னார். நேராக டேட்டாபேஸில் அப்டேட் போட்டேன். எந்தப் புத்தகத்துக்கு என்கிற நிபந்தனையை எழுத மறந்தேன். 1,400 புத்தகத்துக்கும் ஒரே குறிப்பு விழுந்தது. பேக்கப் இருக்கும் தைரியத்தில், முந்தின ராத்திரி ஃபைலை எடுத்து லைவிலேயே ஏற்றினேன்.

பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். பத்து நிமிஷத்தில் அவர் போன் வந்தது. "விலை இருக்கு, பக்க எண்ணிக்கை இருக்கு. தமிழ் மட்டும் எங்க தம்பி போச்சு?"

நடந்தது இதுதான். மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் 8.0 வருவதற்கு முன்னால், நாம் எதுவும் சொல்லாவிட்டால் டேபிள்கள், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1 எழுத்துத்தொகுப்பில்தான் உருவாகும். எங்கள் பழைய ப்ராஜெக்ட் அப்படிப்பட்டது. தமிழின் பைட்டுகளை மாற்றாமல் லத்தீன்1 டேபிளுக்குள் திணித்திருந்தோம். அதற்கு பேக்கப் எடுக்கும்போதும் லத்தீன்1 என்று சொன்னால்தான் பைட்டுகள் கெடாமல் வெளியே வரும். லத்தீன்1 என்று சொல்கிற அந்த வரி அங்கே சரி. அதையே புத்தகக் கடையின் ஸ்கிரிப்ட்டிலும் காப்பி அடித்திருந்தேன். புத்தகக் கடையின் டேபிள்களோ, தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்8. அங்கே போய் லத்தீன்1-இல் கொடு என்று கேட்டால், சர்வர் ஒவ்வொரு எழுத்தையும் மாற்றப் பார்க்கும். லத்தீன்1-இல் தமிழுக்கு இடமே கிடையாது. எர்ரர் எதுவும் காட்டாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. அதனால் ஐந்து கேள்விக்குறி விழும். 'தமிழ்' போன இடத்தில் வேறு எந்த ஐந்து எழுத்து இருந்திருந்தாலும் அதே ஐந்து கேள்விக்குறிதான். எது எதுவென்று எந்த மென்பொருளாலும் திரும்பச் சொல்ல முடியாது. எட்டு மாசத்து ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாமே அப்படித்தான் இருந்தன.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்த அப்டேட் அல்ல, அதற்கு அடுத்துச் செய்தது. அப்டேட்டால் போனது குறிப்புகள் மட்டும்தான். புத்தகத் தலைப்பு, ஆசிரியர் பெயர், வாடிக்கையாளர் முகவரி எல்லாம் லைவில் நன்றாகத்தான் இருந்தன. டம்ப் ஃபைல், அதாவது அந்த பேக்கப் ஃபைல், ஏறும்போது முதலில் பழைய டேபிளை அழித்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். நல்லபடியாக இருந்ததையும் நானே அழித்தேன். அனுப்ப வேண்டிய 37 ஆர்டர்களில் தமிழில் எழுதிய முகவரிகள் போய்விட்டன. போன் நம்பர் எண்களில் இருந்ததால் தப்பித்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "அம்மா, உங்க அட்ரஸை இன்னொரு தடவை சொல்றீங்களா" என்று கேட்டு எழுதினோம்.

குறிப்புகளுக்கு, கடைக்காரர் வீட்டிலிருந்து நீள நோட்டுகளைக் கொண்டுவந்தார். முதலில் கையால் எழுதிவிட்டுத்தான் டைப் செய்வாராம். கூகுள் சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களிலிருந்து கொஞ்சம் எடுத்தோம். ஆறு பேரும் மாறி மாறி உட்கார்ந்து டைப் செய்து முடிக்க 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் வேறு யாருக்கும் பில் போட முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நோட்டில் இல்லாத சில குறிப்புகளை மட்டும் அவரால் மறுபடி எழுத முடியவில்லை.

இப்போது நாங்கள் செய்வது: மாசத்தில் முதல் திங்கட்கிழமை, ஒவ்வொரு கிளையன்ட்டின் பேக்கப்பையும் வேறொரு காலி டேட்டாபேஸில் ஏற்றி, ஒரு தமிழ்ப் பக்கத்தை ஆள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஃபைல் அளவையும் பார்க்க வேண்டும். யூடிஎஃப்8-இல் தமிழ் யூனிகோட் எழுத்து ஒன்றுக்கு 3 பைட், கேள்விக்குறிக்கு 1 பைட். தமிழ் நிறைந்த தளத்தின் பேக்கப் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லையென்றால் உடனே சந்தேகப்படுங்கள். எங்கள் ஃபைல் எட்டு மாசமும் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. எதையும் லைவில் ஏற்றுவதற்கு முன், கெட்டுப்போன நிலையிலேயே அதற்கும் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

'யூடிஎஃப்8' என்ற பெயரை நம்புவது

மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயரில் இருந்தது 3 பைட் வரைதான் பிடிக்கும். தமிழ் அதில் அடங்கிவிடும் என்பதால் நமக்குக் குறை தெரியாது. எமோஜிக்கு 4 பைட் வேண்டும். தப்பான டேட்டாவை ஏற்க மறுக்கும் கண்டிப்பான மோட் இல்லாத பழைய சர்வரில், வாடிக்கையாளர் ஒரு சிரிப்பு எமோஜி போட்டால் அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் வெட்டுப்படும். யூடிஎஃப்8எம்பி4 என்று முழுதாக எழுதுங்கள்.

டொமைனை நம் பெயரில் வாங்குவது

கிளையன்ட் பெயரில், கிளையன்ட் மெயிலில்தான் வாங்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் மெயிலுக்குப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் போய்க்கொண்டிருந்த கதை எங்களுக்கும் உண்டு. டாட் காம் டொமைன் அழிப்புக்குப் போய்விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்கும் தனிக் கட்டணம். அதுவும் போனால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

போனில் சொன்ன மாற்றம்

கிளையன்ட் போனில் ஒரு மாற்றம் சொன்னால், அதையே இரண்டு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகு கை வையுங்கள்.