ஒரு ஆன்டெனா, நாலு டியூனர், வீடு முழுக்க பிசி: எங்கெங்க சொதப்புறாங்க

ஹால்ல ஒரு பிசி, பெட்ரூம்ல ஒரு பிசி, கீழ பேஸ்மென்ட்ல டிவிக்குப் பின்னாடி ராஸ்பெர்ரி பைன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர், மூணுலயும் லைவ் டிவி ஓடணும் ஆனா கூரை மேல ஆன்டெனா ஒண்ணே ஒண்ணு. அமெரிக்கா கனடா பக்கம் ஹோம் தியேட்டர் பிசி வெச்சிருக்கறவங்க டியூனர, அதாவது ஆன்டெனா சிக்னல உள்ள வாங்கிக்கற கருவிய, நெட்வொர்க்ல பகிர ஆரம்பிக்கறது இந்த இடத்துலதான். ஒவ்வொரு பிசிக்குள்ளயும் ஒரு டியூனர் கார்டு சொருகி ஒவ்வொண்ணுக்கும் கோஆக்ஸ்ங்கற ஆன்டெனா கேபிள் இழுக்கறதுக்கு பதிலா, எச்டிஹோம்ரன் மாதிரி உள்ளயே டியூனர் இருக்கற ஒரு பாக்ஸ ரவுட்டர்கிட்ட வெச்சுட்டா எல்லா பிசியும் நெட்வொர்க் வழியாவே சேனல் வாங்கிக்கும். யூஎஸ்பி டியூனரும் பிசிஐ கார்டும் கூட பகிரலாம், ஆனா அது சொருகியிருக்கற பிசில ஒரு சர்வர் சாஃப்ட்வேர் ஓடணும், அந்த பிசி எப்பவும் ஆன்ல இருக்கணும். (நம்ம ஊர்ல கேபிளும் டிடிஎச்சும் செட்டாப் பாக்ஸ் இல்லாம தெறக்காது, அதனால அங்க இதுக்கு பெருசா வேலை இல்ல, டிடி ஃப்ரீ டிஷ்ல பூட்டு போடாம வர்ற சேனல்கள மட்டும் ஒரு சாட்டிலைட் டியூனர் வெச்சு இதே மாதிரி பகிரலாம்.)

பாக்ஸ வாங்கறது சுலபம், அதுக்கப்புறம் நடக்கற கூத்துதான் இங்க விஷயம்.

முதல் தப்பு வாங்கறதுக்கு முன்னாடியே நடந்துடுது. வீட்ல நாலு பேர், நாலு ரூம், அப்ப நாலு டியூனர்னு கணக்கு போடறாங்க. டியூனர் புடிக்கறது சேனல இல்லீங்க, ஃப்ரீக்வென்சிய. ஏடிஎஸ்சி 1.0ங்கற அமெரிக்க ஆன்டெனா டிவி முறைல ஒரு ஸ்டேஷனுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் எடம், அதுக்குள்ள நொடிக்கு 19.39 மெகாபிட் டேட்டா போகும், அந்த ஒரு ஓட்டத்துக்குள்ளயே 5.1னு மெயின் எச்டி சேனலும் 5.2, 5.3னு பழைய படம் பழைய சீரியல் போடற குட்டி சேனல்களும் ஒண்ணா வரும். ஒரு பஸ்ஸப் புடிச்சா அதுல உக்காந்திருக்கற அத்தன பேரும் வந்துடுவாங்கல்ல, அந்த மாதிரி. ஆனா பிசி ஒவ்வொண்ணும் பாக்ஸ்கிட்ட நேரா போய் கேட்டா இந்த லாபம் கெடைக்காது, ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ஒரு டியூனர் போயிடும், ஹால்லயும் பெட்ரூம்லயும் ஒரே மேட்ச பாத்தாலும் ரெண்டு டியூனர் மாட்டிக்கும். நடுவுல டிவிஹெட்எண்ட் இல்லன்னா மித்டிவி மாதிரி ஒரு சர்வர் இருந்தா அது ஒரு டியூனர ஒரு ஃப்ரீக்வென்சில பூட்டி வெச்சுக்கிட்டு, அதுக்குள்ள இருக்கற எல்லா சேனலையும் கேக்கறவங்களுக்கெல்லாம் பிரிச்சுக் கொடுக்கும். அதனால ஆளு எத்தனன்னு எண்ணாம, ஒரே நேரத்துல எத்தன வேற வேற ஸ்டேஷன் ஓடும்னு எண்ணுங்க. ரெக்கார்டிங்கையும் சேத்துத்தான். நிறைய வீட்டுக்கு ரெண்டு டியூனரே போதும்.

அடுத்தது, என்னோட கணக்குல இதுதான் எல்லாத்துக்கும் தாய் தப்பு, ஒரு பாக்ஸுக்கு ரெண்டு மூணு முதலாளி. ஹால் பிசில ப்ளெக்ஸ் டிவிஆர்னு ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர செட் பண்ணி வெச்சிருப்பாங்க, பெட்ரூம் பிசில கோடிங்கற பிளேயர் சாஃப்ட்வேர்ல அதே பாக்ஸ நேரா சேத்திருப்பாங்க, பையன் போன்ல பாக்ஸோட சொந்த ஆப் இருக்கும், இதுல யாருக்கும் இன்னொருத்தர் இருக்கறதே தெரியாது. சாயங்காலம் எட்டு மணிக்கு ப்ளெக்ஸ் ரெக்கார்டிங்க ஆரம்பிக்கப் போகும்போது டியூனர் எல்லாம் வேற யார்கிட்டயோ இருக்கும், பாக்ஸ் 503னு, அதாவது டியூனர் எதுவும் சும்மா இல்லன்னு, ஒரு பதில அனுப்பிட்டு கம்முனு இருந்துடும், ரெக்கார்டிங் விழல. மறுநாள் போய் பாத்தாத்தான் தெரியும், அதுக்குள்ள மேட்ச் ஸ்கோர் ஊருக்கே தெரிஞ்சிருக்கும். உடனே பாக்ஸ் மக்கர் பண்ணுதுன்னு இன்னொரு பாக்ஸ் வாங்கறவங்களும் உண்டு.

வழி ரொம்ப சிம்பிள், பாக்ஸ ஒரே ஒரு சர்வர்கிட்ட ஒப்படைங்க. ப்ளெக்ஸோ ஜெல்லிஃபினோ டிவிஹெட்எண்டோ நெக்ஸ்ட்பிவிஆரோ, எதுவோ ஒண்ணு, ஆனா ஒண்ணு. மத்த பிசி எல்லாம் சர்வர்கிட்ட மட்டும் கேக்கணும், பாக்ஸ்கிட்ட நேரா போகவே கூடாது. அப்பதான் டியூனர் பத்தலன்னா யாரோடத நிறுத்தறது, ரெக்கார்டிங்குக்கு முன்னுரிமையா பாத்துக்கிட்டிருக்கறவருக்கா இதெல்லாம் முடிவு பண்ண ஒருத்தர் இருப்பாரு. ரெண்டு சாஃப்ட்வேரும் கண்டிப்பா வேணும்னா டியூனர்கள பிரிச்சுக் குடுத்துடுங்க. எச்டிஹோம்ரன்ல ஸ்ட்ரீம் முகவரில ஆட்டோன்னு இருந்தா சும்மா இருக்கற ஏதாவது ஒரு டியூனர எடுக்கும், அந்த எடத்துல டியூனர்0, டியூனர்1னு போட்டா அத மட்டும்தான் எடுக்கும். ஆனா இப்படி பிரிச்சா ஒரு பக்கம் சும்மா கெடக்கறப்ப இன்னொரு பக்கம் பத்தாம தவிக்கும்.

இந்த பிரிச்சுக் குடுக்கற வியாதி பிசில டிவி பாக்க மைக்ரோசாஃப்ட் குடுத்த விண்டோஸ் மீடியா சென்டர் காலத்துலேர்ந்து வருது. அப்ப செட்டான்னு ஒரு கம்பெனியோட கேபிள்கார்டு (கேபிள் கம்பெனி பூட்ட தெறக்கற அட்டை) போடற டியூனர் கார்டு ரொம்ப பிரபலம், ஒரு பிசில சொருகி அதுல இருக்கற நாலு டியூனர்ல ரெண்ட நெட்வொர்க் வழியா இன்னொரு பிசிக்கு எழுதி வெக்கலாம், எழுதி வெச்சது வெச்சதுதான். மீடியா சென்டருக்கு நெஜமான சர்வர் மாதிரி வேலை செய்யத் தெரியாது, எக்ஸ்பாக்ஸ் 360 மாதிரி எக்ஸ்டெண்டர் வெச்சா மட்டும் ஒரே பிசியோட டியூனர வேற ரூம்ல பாக்கலாம். காப்பி பூட்டு போட்ட கேபிள் சேனல ரெக்கார்ட் பண்ணா, அந்த பிசியும் அதோட எக்ஸ்டெண்டரும் தவிர வேற எங்கயும் ஓடாது. விண்டோஸ் 10லயே மைக்ரோசாஃப்ட் மீடியா சென்டர தூக்கிடுச்சு, 2020 ஜனவரில நிகழ்ச்சி அட்டவணை வர்றதும் நின்னுடுச்சு, அதே வருஷம் கேபிள்கார்டுக்கு ஆதரவு தரணும்ங்கற விதிய அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியும் எடுத்துடுச்சு. இன்னமும் அதுக்காக விண்டோஸ் 7 மெஷின நெட்டுல திறந்து வெச்சிருக்கறவங்க இருக்காங்க. அந்த மெனு அழகு இன்னிக்கும் எதுலயும் இல்லங்கறது உண்மைதான், இருந்தாலும் போதும் விட்ருங்க.

இப்ப நெட்வொர்க்குக்கு வருவோம். என் வைஃபை 300 மெகாபிட் வருது, டிவிக்கு 19தான வேணும், அப்பறம் ஏன் கட்டம் கட்டமா ஒடையுதுன்னு கேப்பாங்க. வேகம் பிரச்சினை இல்ல, தொடர்ச்சிதான் பிரச்சினை. யூட்யூப் கொஞ்ச நேரத்துக்கு முன்கூட்டியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கும், நடுவுல வைஃபை ரெண்டு செகண்ட் தூங்கினா நமக்குத் தெரியாது. லைவ் டிவில முன்கூட்டின்னு ஒண்ணு கெடையாது, டவர்லேர்ந்து வர வர பாக்ஸ் தள்ளி விட்டுட்டே இருக்கும், யூடிபிங்கற முறைல போற டேட்டா பாக்கெட் தொலைஞ்சா தொலைஞ்சதுதான், திரும்ப அனுப்பாது. அதனால பாக்ஸும் சர்வரும் ஒரே ஸ்விட்ச்ல ஈத்தர்நெட் கேபிள்ல இருக்கணும், இதுல சமரசமே வேண்டாம். சர்வர்லேர்ந்து ரூமுக்குப் போறது வைஃபைல போனாலும் ஓரளவுக்கு சமாளிக்கும், ஏன்னா அங்க சர்வர் கொஞ்சம் பஃபர் பண்ணிக் குடுக்கும்.

சுவத்த ஒடைச்சு ஈத்தர்நெட் இழுக்க முடியாத வாடகை வீடா? ஏற்கனவே சுவத்துக்குள்ள ஓடற கோஆக்ஸ்லயே மோகா அடாப்டர் போட்டு நெட்வொர்க் ஓட்டலாம். சாதாரண மோகா 1125லேர்ந்து 1675 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எடுத்துக்கும், ஆன்டெனா டிவி இப்ப 608ஓட முடிஞ்சிடுது, அதனால ரெண்டும் ஒரே கம்பில மோதாம போகும். ஆனா மோகா சிக்னல் டியூனருக்குள்ளயோ ஆன்டெனா ஆம்ப்ளிஃபையருக்குள்ளயோ நேரா பாயாம ஒரு ஃபில்டர் போட்டுடுங்க. அதே கம்பில சாட்டிலைட் டிஷ் சிக்னலும் வந்தா மறந்துடுங்க, அது 950லேர்ந்து 2150 வரைக்கும் உக்காந்திருக்கும், நேரடி மோதல். கரன்ட் கம்பில டேட்டா அனுப்பற பவர்லைன் அடாப்டர் பத்தி கேக்காதீங்க, ஃப்ரிட்ஜ் மோட்டார் ஸ்டார்ட் ஆனா படம் ஒடையும்.

சாட்-ஐபி பாக்ஸ், அதாவது சாட்டிலைட் சேனல நெட்வொர்க்ல குடுக்கற பாக்ஸ், வெச்சிருக்கறவங்க மல்டிகாஸ்ட்ட (ஒரே ஸ்ட்ரீம கேக்கற எல்லாருக்கும் ஒண்ணா அனுப்பறது) ஆன் பண்ணி வெச்சா, யாரு கேட்டாங்கன்னு பாத்து அனுப்பற ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இல்லாத சாதா ஸ்விட்ச் அத எல்லா போர்ட்டுக்கும் கொட்டும், வைஃபைலயும் கொட்டும், வைஃபைல மல்டிகாஸ்ட் பெரும்பாலும் ரொம்ப கம்மி வேகத்துல போறதால வீட்ல இருக்கற போனெல்லாம் மூச்சுத் திணறும். வீட்டளவுக்கு ஒவ்வொருத்தருக்கும் தனியா அனுப்பற யூனிகாஸ்ட்டே போதும்.

பாக்ஸே கண்ணுல படலன்னா? அது பழுதுன்னு திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி வீட்ல எத்தன ரவுட்டர் இருக்குன்னு பாருங்க. இன்டர்நெட் கம்பெனி குடுத்த ரவுட்டருக்குப் பின்னாடி கடைல வாங்கின மெஷ் ரவுட்டர சொருகினா உள்ள ரெண்டு தனித்தனி நெட்வொர்க் உண்டாயிடும், பாக்ஸ் ஒண்ணுலயும் பிசி இன்னொண்ணுலயும் மாட்டிக்கும். எச்டிஹோம்ரன தேடற பிசி யூடிபி 65001ங்கற போர்ட்ல ஒரு ப்ராட்காஸ்ட் போட்டுத்தான் கூப்புடும், அந்தக் கூப்பாடு ரவுட்டரத் தாண்டாது. மெஷ்ஷ வைஃபை மட்டும் குடுக்கற ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்தினா சரியாயிடும். கெஸ்ட் வைஃபை, பிசில ஓடற விபிஎன், விண்டோஸ் ஃபயர்வால்ல நெட்வொர்க்க பப்ளிக்னு விட்டு வெச்சது, இதுங்களும் இதே மாதிரி பாக்ஸ ஒளிச்சு வெக்கும். கண்டுபிடிச்ச கையோட ரவுட்டர்ல பாக்ஸுக்கு ஒரு ஐபி முகவரிய நிரந்தரமா ஒதுக்கிடுங்க.

படம் ஒடையறப்ப குத்தத்த யார் மேல போடறதுங்கறதுலயும் ஒரு பெரிய தப்பு நடக்குது. நெட்வொர்க்குன்னு நெனச்சு புது ரவுட்டர் வாங்குவாங்க, பிரச்சினை ஆன்டெனால இருக்கும், இல்லன்னா தலைகீழா. சர்வர்லயும் பெட்ரூம்லயும் ஒரே சேனல ஒரே நேரத்துல ஓட்டுங்க, ரெண்டுலயும் ஒரே காட்சில ஒடைஞ்சா ஆன்டெனா பக்கம், பெட்ரூம்ல மட்டும் ஒடைஞ்சா நெட்வொர்க் பக்கம். பாக்ஸோட ஸ்டேட்டஸ் பக்கத்துல சிம்பல் குவாலிட்டின்னு ஒண்ணு காட்டும், அது 100லயே நின்னா ஆன்டெனா மேல பழி போடாதீங்க. பக்கத்துல சிக்னல் ஸ்ட்ரெங்த்னு காட்டறத பாத்து மயங்காதீங்க, நெறய இருந்தா நல்லதுன்னு இல்ல. டொரொன்டோ ஸ்கார்பரோல நம்மாளுங்க நெறய பேர் சிஎன் டவர் சேனல்களோட ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோ சேனல்களும் வேணும்னு ஆசப்பட்டு பெரிய ஆம்ப்ளிஃபையரா போடுவாங்க, பக்கத்துல இருக்கற சிஎன் டவர் சிக்னல் அந்த ஆம்ப்ளிஃபையர நெரப்பிட்டா தூரத்து பஃபலோ இன்னும் மோசமாத்தான் தெரியும். ஸ்ப்ளிட்டர்லயும் கவனம், ரெண்டாப் பிரிச்சா சுமார் 3.5 டெசிபல் போகும், நாலாப் பிரிச்சா 7. டியூனர் பகிர்றதோட பெரிய லாபமே ஆன்டெனா கம்பிய பிரிக்காம நேரா ஒரே பாக்ஸுக்குள்ள விடலாங்கறதுதான், அத விட்டுட்டு பழைய ஸ்ப்ளிட்டர அப்படியே வெச்சிருக்காதீங்க.

சர்வர் பிசி தூங்கிடறது இன்னொரு கதை. பெட்ரூம்ல ஒருத்தர் படம் பாக்கறது சில சாஃப்ட்வேர்ல விண்டோஸுக்கு வேலையாவே தெரியாது, கீபோர்ட யாரும் தொடலன்னு ஸ்லீப்புக்கு போயிடும். ஸ்லீப்ப ஆஃப் பண்ணுங்க, அப்டேட் ரீஸ்டார்ட் ஆகற நேரத்த காலைக்கு தள்ளுங்க.

டிஸ்க்குக்கு வீணா காசு போடறாங்க. முழு 19.39 மெகாபிட்ல ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணாலும் 8.7 ஜிபிதான், நாலு டியூனரும் ஒண்ணா எழுதினாலும் நொடிக்கு 10 மெகாபைட்ட தொடாது, சாதாரண ஹார்ட் டிஸ்க் தாங்கும். அதுக்குன்னு லைவ் டிவிய நிறுத்தி ரீவைண்ட் பண்ண எழுதி வெக்கற டைம்ஷிஃப்ட் பஃபர ராஸ்பெர்ரி பையோட எஸ்டி கார்டுல வெச்சுடாதீங்க, நாள் பூரா எழுதி எழுதி கார்டு செத்துடும். ராஸ்பெர்ரி பை 4ல ஏடிஎஸ்சி 1.0 படம் வர்ற எம்பெக்-2 வடிவத்துக்கு ஹார்டுவேர் டிகோடர் கெடையாது, சிபியுவே பண்ணணும், 1080ஐ சேனலோட பாதிப்பாதி வரிகள சேத்து முழுப் படமாக்கற டிஇன்டர்லேஸும் பண்ணச் சொன்னா திணறலாம். அதுக்காக சர்வர்லயே எல்லாருக்கும் டிரான்ஸ்கோட் (வேற வடிவத்துக்கு மாத்தறது) பண்ண விட்டா, பழைய ஐ3 பிராசஸர் மூணு ஸ்ட்ரீம்ல முட்டி போட்டுடும். முடிஞ்ச வரைக்கும் அப்படியே அனுப்புங்க, தேவைப்பட்டா அந்த வேலைய ஹார்டுவேர்லயே பண்ற இன்டெல் குயிக் சிங்க்க ஆன் பண்ணுங்க.

புதுசா வாங்கறவங்க அடுத்த தலைமுறை ஏடிஎஸ்சி 3.0 பாக்ஸ பாத்து வாய் பொளக்கறாங்க. எச்டிஹோம்ரன் ஃப்ளெக்ஸ் 4கேல டியூனர் நாலு, ஆனா 3.0 புடிக்கறது ரெண்டுதான். 3.0ல சத்தம் ஏசி-4ங்கற வடிவத்துல வரும், நிறைய பிளேயருக்கு அது புரியாது, அதுக்கு மேல பல ஸ்டேஷன்கள் டிஆர்எம்ங்கற காப்பி பூட்டு போட்டுடுச்சு, பூட்டு போட்ட சேனல் டிவிஹெட்எண்ட்லயோ ப்ளெக்ஸ்லயோ வராது. வீட்டுக்குள்ள பகிரணுங்கறதுதான் நோக்கம்னா இப்போதைக்கு சாதா 1.0 பாக்ஸே போதும், காசும் மிச்சம்.

கடைசியா, ஆபீஸ்ல இருந்தும் பாக்கணும்னு ரவுட்டர்ல பாக்ஸுக்கு போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலேர்ந்து உள்ள வர ஒரு வழி திறக்கறது) போடறவங்க. அந்த பாக்ஸுக்கு பாஸ்வேர்டே கெடையாதுங்க, ஊர்ல எவன் வேணா வந்து டியூனர எடுத்துட்டுப் போயிடலாம். வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் போட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சு சர்வர்கிட்ட கேளுங்க, அங்க மட்டும் டிரான்ஸ்கோட்ட ஆன் பண்ணிக்கோங்க, ஏன்னா கேபிள் இன்டர்நெட்ல பல பேருக்கு அப்லோடு 10 மெகாபிட்டுதான், 19 மெகாபிட் ஸ்ட்ரீம் அதுல நுழையவே நுழையாது.