மணலில் எழுதப் பழக்கலாம், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டால்

சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்க, முதலில் மணல். கொழும்பில், கடலோர வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு வரும் ஆசைதான் எனக்கும் வந்தது. ரயில் பாதையைக் கடந்தால் கடற்கரை, குனிந்தால் மணல் என்று ஒரு பை நிறைய அள்ளிவந்தேன். கடல் மணலின் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது, மறுநாள் அது தட்டத்தில் களியாகக் கிடந்தபோதுதான் உறைத்தது. கட்டடச் சாமான் கடையில் ஆற்று மணல் இரண்டு கிலோ வாங்குங்கள். அரிதட்டால் அரித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவி, மொட்டைமாடியில் காயவிடுங்கள். ஐப்பசி மழையில் அதற்கு வழியில்லை. பழைய தாச்சியில் வறுத்து ஆறவிடலாம். அகன்ற தட்டத்தில் கால் அங்குல உயரத்துக்குப் பரப்பினால் போதும். விரல் போன வழியில் தட்டத்தின் அடி தெரிய வேண்டும்.

அரிசி போதாதா என்று கேட்பீர்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்க அரிசி சரி. தினமும் எழுத அது உதவாது, கோடு சரிந்துவிடும்.

அடுத்தது, யார் சொல்லிக் கொடுப்பது. நீங்கள் அல்ல, நானும் அல்ல. இங்கேதான் அண்ட்ரூ பெல் வருகிறார். கலாசாலையில் படித்தபோது எனக்கு அவர் பரீட்சைக்கு மனனம் செய்த ஒரு வரி மட்டுமே. 1753இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் அண்ட்ரூஸ் நகரில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர். 1787இல் சென்னைக்கு வந்து படைப்பிரிவுகளுக்குக் குருவானவரானார். 1789இல் எழும்பூரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அதற்குச் சம்பளம் வேண்டாம் என்றாராம். குருவானவர் பதவிகள் பல கையில் இருந்தவருக்கு அது பெரிய தியாகமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஒருநாள் குதிரையில் போகையில், நம் ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். 'மலபார்' பள்ளி என்று எழுதிவைத்தார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். திரும்பிவந்ததும், கீழ்வகுப்பு ஆசிரியரிடம் இப்படியே அரிச்சுவடி பழக்கச் சொன்னார். முடியவே முடியாது என்றார் ஆசிரியர். பெல் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜோன் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை, சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகனை, அந்த வகுப்பின் முன் நிறுத்தினார். பிள்ளைகள் படித்துவிட்டார்கள்.

நாற்பது வருடம் படிப்பித்த எனக்கு அந்த ஆசிரியரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் ஃபிரிஸ்கனிடம் இருந்தது என்னிடம் இல்லை. எழுத்துத் தெரியாமல் இருந்த நாள் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கு மறந்து அறுபது வருடமாகிறது.

ஆகவே, படிக்கும் பிள்ளையை விட ஒரு படி மட்டும் முன்னே நிற்கும் பிள்ளையைப் பிடியுங்கள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை வேண்டாம். அதற்குப் பொறுமை இருக்காது. எங்கள் தொடர்மாடியில் நான்காம் மாடிச் சிறுவன் ஒருவன், ஆறு வயது, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எண்ணித் தடுமாறுபவன். அவனையே ஐந்து வயதுச் சிறுமிக்கு ஆசிரியனாக்கினேன். அவள் சுழி விடக்கூடாதென்று எண்ணி எண்ணி, அவனுக்கே சுழி சரியாகிவிட்டது.

'அ'வில் தொடங்காதீர்கள். அதன் வளைவு சின்ன விரலுக்குக் கடினம். ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். ஒரு புள்ளியும் வைக்கப் பழகினால் படம், மடம், பட்டம் மூன்றும் அந்த வாரமே எழுதலாம். பட்டம் எழுதிய அன்று சிறுமி பட்டம் விடக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்தாள். போனோம். பெரியவன் எழுதிக் காட்ட வேண்டும், சின்னவள் பக்கத்தில் எழுத வேண்டும், பிறகு தட்டத்தை ஆட்டி அழித்துவிட்டுப் பாராமல் எழுத வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அந்தப் பதினைந்து நிமிடமும் உங்கள் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எல்லாவற்றிலும் கடினம் இதுதான். சிறுவன் ஒருமுறை 'ம'வைக் கீழிருந்து மேலாக இழுக்கக் காட்டினான். என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் தானாகவே திருத்திக்கொண்டான். தவறு ஒரு வாரமும் நீடித்தால் ஆசிரியப் பிள்ளையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். சின்னவள் முன்னால் சொன்னால் அவன் பதவி போய்விடும்.

பெல்லிடம் நான் எடுத்துக்கொள்ளாததும் உண்டு. பிரம்புக்குப் பதிலாகக் கறுப்புப் புத்தகம் வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை குற்றங்களை வாசித்து, பையன்களையே நடுவர்களாக்கித் தீர்ப்புச் சொல்ல வைப்பார். பிரம்பை விட்டது நல்லது. ஆனால் ஐந்து வயதுக்கு நீதிமன்றமா?

1796இல் அவர் கப்பலேறினார். மறுவருடம் இலண்டனில் தம் சோதனையை நூலாக்கினார். செல்சியில் படைவீரர் பிள்ளைகளுக்கான பள்ளியும் இந்த முறையை ஏற்றது. பிள்ளையே பிள்ளைக்குப் படிப்பிக்கும் இதற்குச் 'சென்னை முறை' என்று பெயர் பரவியது. 1832இல் இறந்தபோது கல்விக்கென்று விட்டுச் சென்றது ஏறத்தாழ 120,000 பவுண்; அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். பெல் குதிரையில் போகையில் கண்ட அந்தப் பள்ளியில் மணலில் எழுதிக் காட்டிய நம் சட்டாம்பிள்ளையின், அதாவது மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த மூத்த மாணவனின், பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

மூன்று வாரத்தில் பென்சிலைக் கொடுங்கள். சின்னவளை, அவளுக்கும் சின்னதொன்றின் அருகே உட்காரவையுங்கள். இரவில் தட்டத்தைக் கட்டாயம் மூடிவையுங்கள். எங்கள் மாடிப் பூனைக்கு மணல் எதற்கென்று வேறொரு கருத்து இருக்கிறது.